ரஷ்யாவிலிருந்து என்ன வாங்கி வரலாம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் ஓர் அழைப்பு. என் பழைய மாணவரின் மகள். ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரை ஊர் ஒன்றில் மருத்துவம் படிக்கிறாள். ஆறு வருடப் படிப்பில் இரண்டு வருடம் முடிந்திருக்கிறது. ஜூலையில் முதல்முறையாக விடுமுறைக்கு ஊருக்கு வருகிறாள்.

"தாத்தா, நீங்க ரஷ்யா போயிட்டு வந்தீங்க இல்ல? முப்பத்திரண்டு பேருக்கு என்ன வாங்கிட்டு வரலாம்?"

"முப்பத்திரண்டா? யார் போட்ட கணக்கும்மா இது?"

"அம்மாதான் லிஸ்ட் அனுப்பியிருக்காங்க. பெரியப்பா வீடு, மாமா வீடு, தெருவுல எட்டு வீடு, அப்பா கூட வண்டி ஓட்டுறவங்க. வெறுங்கையோட வந்தா நல்லா இருக்காதாம்."

அவளுடைய அப்பா திருநின்றவூருக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகளின் படிப்புக்காக வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. அந்தப் பெண்ணோ இரண்டு மாதமாக மதியச் சாப்பாட்டைச் சுருக்கி ரூபிள் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். இதை அவளாகச் சொல்லவில்லை. நான் துருவிக் கேட்ட பிறகு வந்த பதில்.

அவளுக்குப் போனில் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இன்று நம் ஊரிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் வெளிநாட்டில் படிக்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 2019இல் நானும் என் மனைவியும் ஒரு குழுவோடு மாஸ்கோவுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் போய்வந்தோம். கடைசி நாள் மாலைதான் "யாருக்கும் எதுவும் வாங்கலையே" என்ற நினைப்பு வந்தது. ஓடிப்போய் ஒரே கடையில் இருபத்துநான்கு ஃபிரிட்ஜ் காந்தங்களை வாங்கினேன். வெங்காயக் குமிழ் மாதிரி கோபுரம் வைத்த தேவாலயப் படம் போட்டவை. விடுதிக்கு வந்து பிரித்துப் பார்த்தால், சிலவற்றின் பின்னால் வேறொரு நாட்டின் பெயர் ஒட்டியிருந்தது.

ஊருக்கு வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் என் காந்தத்தைப் பார்த்தேன். கரண்ட் பில் அட்டையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. "இது எந்த ஊருப்பா?" என்று கேட்டேன். "யாரோ கொடுத்தாங்க சார்" என்றார். என்னிடமே!

அவர் மேல் குறை இல்லை. அந்தக் காந்தத்தைப் பற்றிச் சொல்ல என்னிடமே ஒரு வார்த்தை இருக்கவில்லை. பிறகு அவர் எதை நினைவில் வைப்பார்?

இதே கேள்வியை என் அம்மா பல வருடங்களுக்கு முன்பே கேட்டுவிட்டார். 1980களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் சோவியத் வடிவமைப்பான டி-72 டாங்கி வேலை தொடங்கிய காலம். அங்கே வேலை பார்த்த என் அண்ணன் பயிற்சிக்காக சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார். அம்மாவுக்கு ஒரு மத்ரியோஷ்கா வாங்கி வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து மரப்பொம்மைகள். தலையில் முக்காடு, கன்னத்தில் சிவப்பு.

அம்மா ஒவ்வொன்றாகத் திறந்து வரிசையாக வைத்தார். பிறகு கேட்டார்: "ரொம்ப நல்லா இருக்குடா. யார் செஞ்சது?"

அண்ணன் விழித்தார். "கடையில வாங்கினேம்மா."

"கடைக்காரன் வித்தான். செஞ்சது யாரு?"

அண்ணனிடம் பதில் இல்லை. அந்த வருடம் முதல் கொலுவில் மூன்றாம் படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அந்த ஐந்து பேரும் நிற்கிறார்கள். அம்மா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. கொலு பார்க்க வரும் பிள்ளைகள் முதலில் கை நீட்டுவது இன்றும் அந்தப் பொம்மைக்குத்தான்.

அம்மாவின் கேள்விக்கான பதிலை நான் ரொம்பப் பிந்தித்தான் தேடிப் படித்தேன். மத்ரியோஷ்கா ஏதோ ஆயிரம் வருடப் பழைமை என்று நினைத்திருந்தேன். இல்லை. 1890களில் மாஸ்கோவில் ஒரு பட்டறையில் பிறந்தது. கடைசல் வேலை செய்தவர் வசீலி ஸ்வியோஸ்தச்கின், வண்ணம் தீட்டியவர் செர்கேய் மல்யூத்தின் என்ற ஓவியர். ஜப்பான் பொம்மை ஒன்றைப் பார்த்து வந்த யோசனை என்றும் சொல்வார்கள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கியது. லிண்டன் மரத்தைக் காயவைத்து, உள்ளே இருக்கும் திறக்க முடியாத குட்டிப் பொம்மையை முதலில் கடைவார்கள். அதன் அளவுக்கு ஏற்ப அடுத்தது, அதற்கு மேல் அடுத்தது.

நம் அம்பாசமுத்திரத்து மரச்செப்புச் சாமான்களும் கடைசலில் பிறப்பவைதான். இதெல்லாம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். "நம்ம ஊரு ஆசாரி மாதிரி ஒருத்தரா!" என்று ரசித்திருப்பார்.

அதனால் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "எதை வாங்கினாலும் மூணு கேள்வி கேளும்மா. யார் செஞ்சது? எப்படிச் செஞ்சது? இது யாருக்கு? மூணுக்கும் பதில் தெரிஞ்சா வாங்கு. இல்லேன்னா விட்டுடு."

"உதாரணம் சொல்லுங்க தாத்தா" என்றாள். சொன்னேன்.

கிஜேல் பீங்கான். மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள ஊர்ப்பகுதியின் பெயர் அது. வெள்ளைப் பீங்கானில் நீலப் பூ வேலை. கோபால்ட் ஆக்சைடால் வரைகிறார்கள். வரையும்போது கறுப்பாகத்தான் தெரியும். சூளையில் சுட்ட பிறகே நீலமாகும். நான் முப்பத்தைந்து வருடம் அறிவியல் நடத்தியவன். ஒரு சின்ன கிஜேல் கிண்ணம் வகுப்பில் கையில் இருந்திருந்தால் ஒரு பாடமே நடத்தியிருப்பேன். அவளுக்குப் பள்ளியில் வேதியியல் எடுத்த ஆசிரியைக்கு இது பொருத்தம்.

கோக்லமா மரக்கரண்டி. சிவப்பு, கறுப்பு, தங்க நிறத்தில் பழமும் இலையும் வரைந்திருக்கும். அதில் ஒரு குந்துமணித் தங்கம்கூடக் கிடையாது. மரத்தின் மேல் வெள்ளீயப் பொடி அல்லது அலுமினியப் பொடி பூசி, ஓவியம் வரைந்து, வார்னிஷ் அடித்து, அடுப்பில் காய வைக்கிறார்கள். சூட்டில் வார்னிஷ் மஞ்சளாகும், வெள்ளி நிறம் தங்கமாகத் தெரியும். அசல் தங்க ரேக் ஒட்டும் நம் தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேச நல்ல பொருள். எடையும் இல்லை, உடையவும் உடையாது.

ஓரன்பர்க் சால்வை. அந்தப் பகுதி ஆட்டின் மெல்லிய உள்முடியில் பின்னுவது. மிக நுண்ணிய சால்வையை ஒரு மோதிரத்துக்குள் இழுத்துவிடலாம் என்பார்கள். விலை அதிகம். வாங்கினால் ஒருவருக்குத்தான் வாங்க முடியும். மார்கழி விடியலில் பனியோடு பக்தவத்சலப் பெருமாள் கோயிலுக்குப் போகும் பாட்டி அவள் வீட்டில் இருக்கிறார். அந்த ஒருவர் அவராக இருக்கட்டும்.

ரயில் டீ கிளாஸ் தாங்கி. ரஷ்ய நீண்டதூர ரயிலில் சூடான கண்ணாடி டம்ளரை, கைப்பிடி வைத்த ஓர் உலோகக் கூட்டுக்குள் வைத்துத் தருவார்கள். பத்ஸ்தகான்னிக் என்று பெயர். நம் டபராவுக்குத் தூரத்து உறவு. தினமும் டீக்கடையில் நின்று குடிக்கும் அப்பாவுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாலேக் பெட்டி பற்றியும் சொன்னேன். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தேவாலயங்களுக்குத் திருவுருவம் வரைந்தவர்கள். 1917 புரட்சிக்குப் பிறகு அந்த வேலை போனது. 1924இல் கூட்டுறவாகச் சேர்ந்து, காகிதக்கூழ்ப் பெட்டிகளின் மேல் நாட்டுப்புறக் கதைகளை வரைய ஆரம்பித்தார்கள். பிழைப்பு போன பிறகும் கைவேலையை விடாதவர்களின் கதை அது. அசல் பெட்டி ஒரு மாணவியின் கைக்கு எட்டாது. அச்சுப்படத்தை ஒட்டி வார்னிஷ் அடித்த மலிவுப் பெட்டிகளும் விற்கின்றன. அதற்கு அருங்காட்சியகத்தில் கண்ணாரப் பார்த்துவிட்டு வருவது மேல்.

தெருப் பிள்ளைகளுக்கு "அல்யோன்கா" சாக்லேட் இரண்டு பெட்டி போதும். உறையில் முக்காடு போட்ட ஒரு குழந்தையின் முகம் இருக்கும். ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு உறையைச் சுவரில் ஒட்டிவிடலாம்.

மற்றவர்களுக்கு? தபால் அட்டை. வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவள் இருக்கும் ஊரின் படம் போட்ட அட்டை, பின்னால் அவள் கையெழுத்தில் தமிழில் நான்கு வரி: "பெரியப்பா, நீங்கள் வாங்கித் தந்த ஸ்வெட்டரோடுதான் இந்தப் பாலத்தில் நடந்து கல்லூரிக்குப் போகிறேன்." இப்படி ஒரு வரியை எந்தப் பெரியப்பாவும் குப்பையில் போட மாட்டார்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். 2022 மார்ச்சிலிருந்து, வெளிநாட்டில் வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, பழைய சாமான் கடையில் அழகாக இருக்கிறதே என்று பழங்காலத் திருவுருவப் படத்தையோ சமோவாரையோ வாங்கிவிடாதீர்கள். மிகப் பழைய பொருட்களை அனுமதி இல்லாமல் அந்நாட்டை விட்டு எடுத்துவர முடியாது.

ரஷ்யாவுக்கே போகாமல் எனக்குக் கிடைத்த ஒரு ரஷ்ய நினைவுப் பொருளையும் சொல்ல வேண்டும். யா. பெரெல்மான் எழுதிய "பொழுதுபோக்கு பௌதிகம்" தமிழ்ப் புத்தகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புத்தகக் கண்காட்சியில் வாங்கினேன். என் அளவுக்கு வயதானவர்களுக்கு நினைவிருக்கும். மாஸ்கோவிலேயே தமிழில் அச்சாகி, கெட்டி அட்டையோடு, நம்பவே முடியாத குறைந்த விலையில் வந்த புத்தகங்கள் அவை. 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. இன்று நமக்குப் பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில்தான் அந்த நிறுவனம் இருக்கிறது. "சோவியத் நாடு" இதழின் வழவழ தாளில் நோட்டுக்கு அட்டை போட்டவர்கள் கை தூக்குங்கள்! 1991இல் சோவியத் யூனியன் கலைந்ததோடு அந்த வரத்தும் நின்றது.

அந்தப் புத்தகத்தை வைத்து எத்தனை வகுப்பு நடத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. அம்மாவின் கேள்வியை அந்தப் புத்தகத்திடமும் கேட்டேன். செஞ்சது யாரு? 1942இல், ஜெர்மானியப் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில், பசியால் இறந்துபோனவர் பெரெல்மான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் விதமே மாறிவிட்டது. இன்று என் அலமாரியில் அதற்கு மேல் விலை மதிப்புள்ளது ஒன்றும் இல்லை.

இப்போது பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும், "எனக்கு என்ன வாங்கிட்டு வந்தே?" என்று கேட்காதீர்கள். ஆசையாகக் கேட்கிறோம், சும்மா விளையாட்டுக்குக் கேட்கிறோம் என்று நாம் நினைக்கிறோம். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு பெண் மதியச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். வெறுங்கையோடு வருவது மரியாதைக் குறைவு என்று சிலர் சொல்லலாம். வந்த வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோகும் பழக்கம் நல்ல பழக்கம்தான். ஆனால் அது சம்பாதிக்கிறவர்களுக்கான பழக்கம். கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது சுமை.

அவளிடம் வேறு கேள்வி கேளுங்கள். அங்கே என்ன சாப்பிட்டாய்? பனியில் முதல்முறை வழுக்கி விழுந்தாயா? ரஷ்ய மொழியில் என் பெயரை எப்படி எழுதுவார்கள்? அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டால் அதுவே அவள் கொண்டுவந்த பரிசு.

நம் ஊர் யாருடைய ஊர் என்று மறந்துவிட வேண்டாம். கையில் காசில்லாத பூசலார் மனதுக்குள்ளேயே கல் சேர்த்து, கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்த ஊர் இது. காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலின் குடமுழுக்கும் அதே நாளில். இறைவன் மன்னனின் கனவில் வந்து, "நாளை நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாள் வை" என்றாராம். இருதயாலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, பையில் என்ன இருக்கிறது என்று நாம் எட்டிப் பார்க்கலாமா?

நேற்று அந்தப் பெண் மறுபடியும் பேசினாள். முப்பத்திரண்டு பேர் பட்டியல் நான்கு பொருள், இரண்டு பெட்டி சாக்லேட், இருபது தபால் அட்டை என்று சுருங்கிவிட்டதாம். அம்மாவைச் சமாதானப்படுத்துவது மட்டும் பாக்கியாம். அது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன்.

"உங்களுக்கு என்ன வேணும் தாத்தா?" என்று கேட்டாள்.

"மதியம் ஒழுங்கா சாப்பிடு. அது போதும்" என்றேன்.

உங்கள் வீட்டில் வெளியூரிலிருந்து யாராவது கொண்டுவந்து, இன்றும் பத்திரமாக இருக்கும் பொருள் எது? செஞ்சது யார் என்று தெரியுமா? கீழே எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.