பாதி பஸ்கி போதுமா?

மாலை வேளையில் நம் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தை எட்டிப் பார்த்தவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பார்கள். தோளில் 80 கிலோ சுமந்த ஒருவர் முழங்காலை லேசாக மடக்கிவிட்டு நிமிர்வார். சுற்றி நிற்பவர்கள் ‘சபாஷ்’ என்பார்கள். சென்ற ஆண்டு அந்த ‘சபாஷை’ நானும் வாங்கினேன். முழுதாகக் குந்தினால் முழங்கால் போய்விடும் என்று மூத்த மாணவர்கள் சொன்னதை வேதவாக்காகக் கொண்டிருந்தேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இடுப்புதான் பிடித்துக்கொண்டது. நீளம் தாண்டும் போட்டிக்கு நண்பர்கள் பேருந்து ஏறிய அன்று நான் விடுதியில் குப்புறப் படுத்திருந்தேன்.

என் தந்தை அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வலியோடு வீட்டுக்குப் போனபோது அவர் சொன்னார்: “ஒழுங்கா குந்தி எழத் தெரியாதவன் முதுகுல நாங்க மூட்டையே ஏத்த மாட்டோம்டா.”

இயற்பியல் மாணவனான எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பியின் எடை பாதத்தின் நடுப்பகுதிக்கு நேர்மேலே நிற்க வேண்டும். உடல் முன்னே சாயச் சாய எடைக்கும் இடுப்புக்கும் உள்ள தூரம் கூடுகிறது. திருப்பு விசையும் கூடுகிறது. அதைத் தாங்குவது முதுகு. பாதியில் நிற்பவரால் அளவுக்கு மீறிய எடையை ஏற்ற முடிகிறது என்பதுதான் உண்மையான ஆபத்து என்பேன்.

முழங்கால் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது? 1961இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கார்ல் கிளைன், ஆழ்ந்த பஸ்கி மூட்டைப் பிணைக்கும் நார்களைத் தளர்த்தும் என்று எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. அச்சம் மட்டும் நம் கூடம் வரை வந்துவிட்டது. 2014இலும் 2018இலும் காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்ற வேலூர் சதீஷ் சிவலிங்கத்தின் விளையாட்டு எது? முழுதாகக் குந்தித் தலைக்கு மேல் எடையை ஏந்தும் பளுதூக்குதல்தானே!

எல்லோரும் ஒரே ஆழத்துக்குப் போக வேண்டும் என்று நான் வாதிடவில்லை. கணுக்கால் இறுகியிருந்தால் குதிகால் எழும்பும்; சிலருக்குக் கீழே போகும்போது அடிமுதுகு வளையும். அதற்குச் சற்று மேலேயே அவரவர் எல்லை. ஏற்கெனவே மூட்டுவலி உள்ளவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு வரட்டும். தாண்டும்போது கால் சிறிதளவுதானே மடங்குகிறது என்றும் சிலர் கேட்கிறார்கள். முழுப் பஸ்கியில் வலுப்பெற்ற பிறகு பாதியையும் சேர்த்துக்கொள்ளலாமே!

நான் வெறும் கம்பியோடு, 20 கிலோவில், மீண்டும் தொடங்கினேன். தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்க வேண்டும். முழங்கால் உள்ளே சாயாமல் கால்விரல் காட்டும் திசையில் போக வேண்டும். “என்னப்பா, தோப்புக்கரணமா?” என்று சிரித்தார்கள். மூன்று மாதத்தில் 50 கிலோ வந்திருக்கிறேன். இடுப்பு வலிக்கவில்லை.

உடற்கல்வி இயக்குநர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். புதிய இரும்புத் தட்டுகள் வாங்குமுன், கூடத்தில் ஓர் உயரம் குறைந்த மர முக்காலி போடச் சொல்லுங்கள். அதைத் தொட்டு எழுந்தால்தான் ஒன்று என்று எண்ணுவோம்.