கியர்ப் பெட்டியின் காவற்காரன்

தானியங்கிக் கியர் பொருத்திய கார் ஒன்றில் சாவியைத் திருப்புகிறோம். முன்விளக்குகள் பளிச்சென எரிகின்றன. ஆயினும் ஸ்டார்ட்டர் சிறிதும் முனகவில்லை. கியர் நெம்புகோலைப் 'பார்க்' நிலையினின்று 'நியூட்ரல்' நிலைக்குத் தள்ளியதும் எஞ்சின் ஒன்றும் நடவாததுபோல் உயிர்பெறுகிறது. பாட்டரி பழுதென்று எண்ணிப் புதியது வாங்கி ஏமாறுவோர் உண்டு. இவ்விடத்தில் நாம் ஐயுற வேண்டியது பாட்டரியை அன்று. கியர்ப் பெட்டியோடு ஒட்டியிருக்கும் சிறு சுவிட்ச் ஒன்றை.

இதன் பணி யாது? நெம்புகோலை நாம் அசைக்கும்போது, கேபிள் வழியாகக் கியர்ப் பெட்டியிலுள்ள ஓர் அச்சு திரும்புகிறது. அவ்வச்சோடு இணைந்த சுவிட்ச், பார்க், நியூட்ரல் ஆகிய இரு நிலைகளில் மட்டுமே ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்ல இசைகிறது. பல கார்களில் ரிவர்ஸ் விளக்கை எரிப்பதும், ஓட்டுநர் முன்னுள்ள பலகையில் கியரின் குறியைக் காட்டுவதும் இதுவே. அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த வாகனப் பாதுகாப்பு விதி எண் 102, முன்னோக்கியோ பின்னோக்கியோ செல்லும் கியரில் ஸ்டார்ட்டர் இயங்கலாகாது எனப் பணிக்கிறது. கியரில் நிற்கும் வண்டி, எஞ்சின் எழுந்த மறுகணமே நகரக்கூடும். முன்னே வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தால் என் செய்வது?

எனவேதான், "இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்று சொல்லும் மெக்கானிக்கின் யோசனையை நாம் ஏற்பதற்கில்லை. அவர் தீர்ப்பது நம் தொல்லையை அன்று, காவலையே நீக்குகிறார். முறையாகச் சரிசெய்வதற்கும் நெடுநேரம் ஆகாது.

முதலில் கேபிளைப் பார்க்க வேண்டும். அது தளர்ந்திருந்தால், உள்ளே நாம் காணும் நியூட்ரல் வேறு, கியர்ப் பெட்டியின் நியூட்ரல் வேறாகிவிடும். அந்நிலையில் சுவிட்சைத் திருப்புவது வீண். கேபிள் சரியெனில், வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நெம்புகோலை நியூட்ரலில் வைக்கவும். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் கூடவே கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும்.

பின்னர் சுவிட்சைப் பிடித்திருக்கும் போல்டுகளைத் தளர்த்த வேண்டும், கழற்றிவிட வேண்டியதில்லை. டொயோட்டா கார்கள் பலவற்றில் சுவிட்சின்மீது நியூட்ரல் கோடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அதனோடு நடுவிலுள்ள பள்ளம் நேர்ப்படும்வரை சுவிட்சை மெல்லத் திருப்ப வேண்டும். ஹோண்டா கார்கள் சிலவற்றிலோ, சுவிட்சின் சுழலும் பகுதியிலும் உடற்பகுதியிலும் உள்ள வெட்டுகளை ஒன்றாக்கி, அவற்றினூடே 2 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகி அப்படியே நிறுத்திப் பொருத்துவர். எந்தக் கார் எம்முறை என்பதை அதற்குரிய பழுதுபார்ப்பு நூலில் கண்டறிக. போல்டை முடுக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகின்றனர்: ஸ்பேனரின் இழுப்பில் சுவிட்சும் சேர்ந்து நகர்ந்துவிடும். ஒரு கையால் அதனை அசையாது பிடித்துக்கொள்ளவும். சிறிய போல்டுகள், வலிமையைக் காட்டினால் மரை அழியும்.

இனிச் சோதனை. வண்டியின் முன்னும் பின்னும் எவரும் இல்லாதபோது, கைபிரேக்கோடு கால்பிரேக்கையும் நன்கு அழுத்திக்கொண்டு ஒவ்வொரு நிலையிலும் சாவியைத் திருப்பிப் பார்க்கவும். பார்க்கிலும் நியூட்ரலிலும் எஞ்சின் எழ வேண்டும். ரிவர்ஸிலும் டிரைவிலும் ஸ்டார்ட்டர் வாய் திறக்கலாகாது. பின்புற வெள்ளை விளக்கு ரிவர்ஸில் மட்டும் எரிகிறதா என்பதை வீட்டார் ஒருவர் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்த்துச் சொல்லலாம். இத்தனைக்குப் பின்னும் ஒருநாள் எழுவதும் ஒருநாள் மறுப்பதுமாக இருந்தால், நீர் புகுந்தோ தேய்ந்தோ சுவிட்சின் உட்புறம் கெட்டிருக்கக்கூடும். மின்சோதனையில் அது உறுதியானால் புதியதே பொருத்த வேண்டும். பொருத்துகையில் மேற்சொன்ன அதே நேர்ப்படுத்தலும் அதே சோதனையும் தேவை.