வண்டி நம்பர் இருக்கு, ஓட்டினவன் பேர் இல்ல

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கு எழுதப்போறதும் ஆணி பத்தித்தான். பொட்டி தட்டாத மக்கள் 'இது நமக்கில்ல'ன்னு ஓடிடாதீங்க. பாக்கறதுக்கு கம்ப்யூட்டர் சமாச்சாரம் மாதிரி இருந்தாலும் இது ஒரு பையனோட வேலை போன கதை. அதுல எனக்கும் பங்கு இருக்கு. அதனாலதான் எழுதறேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வருஷம் 2022. அப்ப நான் இருந்த கம்பெனியில (பேர் வேணாமே) கடன் வாங்கினவங்களுக்கு மாசா மாசம் 'தவணை கட்டுங்க'ன்னு எஸ்எம்எஸ் அனுப்பற வேலை ஒண்ணு உண்டு. அதை கூகுள் க்ளவுட்ல 'வொர்க்ஃப்ளோஸ்'ங்கற சேவையில ஓட்டிக்கிட்டு இருந்தோம். 2021 ஜனவரியில எல்லாருக்கும் பொதுவா வெளியிட்ட சேவை அது. முதல்ல இந்த ஏபிஐயைக் கூப்பிடு, பதில் வந்தா அடுத்ததைக் கூப்பிடு, சொதப்பினா திரும்ப முயற்சி பண்ணுன்னு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்துட்டா அது பாட்டுக்கு செஞ்சு முடிச்சிடும். ரொம்ப சமர்த்து.

ஒரு நாள் சாயங்காலம், மாச நடுவுல, அந்த வொர்க்ஃப்ளோ ஓடிருச்சு. தவணை கட்டி முடிச்சவங்க, போன வாரமே கட்டினவங்க, எல்லாருக்கும் 'உங்கள் தவணை நிலுவையில் உள்ளது'. கஸ்டமர் கேர்ல போன் விடாம அலறுது. மறுநாள் காலையில டேமேஜர் ரூமுக்கு எங்க அஞ்சு பேரையும் கூப்பிட்டார். அந்த வொர்க்ஃப்ளோவை ஓட்டற அனுமதி எங்க அஞ்சு பேருக்குத்தான் இருந்துச்சு.

"யார் ஓட்டினது?"

யாரும் பேசல. சரி, லாக் பாத்துடலாம்னு உக்காந்தோம். எஸ்எம்எஸ் அனுப்பற பக்கம் போய்ப் பாத்தா, கூப்பிட்டது ஒரு சர்வீஸ் அக்கவுண்ட். அதாவது மனுஷன் இல்ல, வொர்க்ஃப்ளோ மாட்டிக்கிட்டு இருந்த அடையாள அட்டை. வொர்க்ஃப்ளோவை யாராவது மாத்தினாங்களான்னு பாத்தா, மூணு வாரமா யாரும் தொடல. அதுக்கான வரி தெளிவா இருந்துச்சு. எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிச்சுது, எப்ப முடிஞ்சுது, அதுவும் இருந்துச்சு. ஓட்டு பட்டனை அமுக்கினது யாருங்கறது மட்டும் இல்ல.

எங்க அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் நோட்டு ஞாபகம் வந்துச்சு. வண்டி நம்பர் இருக்கும். உள்ள வந்த நேரம், வெளிய போன நேரம் இருக்கும். வண்டியை ஓட்டினவன் பேர் இருக்காது.

ஏன் இல்லைங்கறதுதான் இந்தப் பதிவோட விஷயம். கூகுள் க்ளவுட்ல தணிக்கைப் பதிவுல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு 'அட்மின் ஆக்டிவிட்டி'. எதையாவது உருவாக்கினா, மாத்தினா, அழிச்சா இதுல விழும். இதுக்குக் காசு கிடையாது, 400 நாள் இருக்கும், நீங்களே நினைச்சாலும் நிறுத்த முடியாது. ரெண்டாவது 'டேட்டா ஆக்சஸ்'. யார் படிச்சா, யார் தகவலை எழுதினாங்கறது இதுல வரும். பிக்வெரி தவிர மத்த சேவைகளுக்கு இது நாமளா திறந்து விடற வரைக்கும் மூடியே இருக்கும்.

இப்ப கவனிங்க. வொர்க்ஃப்ளோவோட எழுத்தை மாத்தறது முதல் வகை. அதை ஓட்டறது ரெண்டாவது வகை. அதாவது கத்தியை சாணை பிடிச்சவன் பேர் 400 நாள் இருக்கும். எடுத்துக் குத்தினவன் பேர் நாம கேட்டு வாங்கினாத்தான் கிடைக்கும்.

இதுல கூகுளைத் திட்ட ஒண்ணும் இல்ல. அவங்க ஆவணத்துல தெளிவாத்தான் எழுதி வெச்சிருக்காங்க. படிக்க வேண்டியது நாங்க. உண்மையைச் சொல்லணும்னா நான் படிச்சேன். படிச்சிட்டு, ஒரு மீட்டிங்ல "டேட்டா ஆக்சஸ் எல்லாம் தொறந்தா லாக் கொட்டும், பில் எகிறும், வேணாம்"னு சொன்னவனும் நான்தான். எல்லாரும் தலையாட்டினாங்க. சிக்கனமான ஆளுன்னு பேர் வேற.

அந்த சிக்கனத்தோட லட்சணத்தைக் கேளுங்க. டேட்டா ஆக்சஸை எல்லா சேவைக்கும் சேர்த்துத் திறக்கணும்னு கட்டாயம் இல்ல. சேவை வாரியா திறக்கலாம். அதுலயும் படிக்கறது வேணாம், எழுதறது மட்டும் போதும்னு பிரிச்சு சொல்லலாம். கோடிக்கணக்குல ஃபைல் படிக்கற ஸ்டோரேஜை மூடியே வெச்சுட்டு வொர்க்ஃப்ளோவுக்கு மட்டும் திறந்திருந்தா, மாசம் ஒரு தடவை ஓடற வேலைக்கு எத்தனை வரி விழும்? விரல் விட்டு எண்ணிடலாம். ஒரு ப்ராஜெக்டுக்கு மாசம் 50 ஜிபி வரைக்கும் லாக் சேமிக்கறது இலவசம் வேற. நான் மிச்சம் பிடிச்சது நயா பைசா இல்ல.

சரி, கதைக்கு வரேன். அஞ்சு பேர்ல நாலு பேர் கம்பெனி ஆளுங்க. ஒருத்தன் மட்டும் கான்ட்ராக்ட்ல வந்த பையன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகல. அன்னிக்கு சாயங்காலம் கடைசியா கெளம்பினதும் அவன்தான். வேற ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனா ஆதாரம் இல்லாத இடத்துல என்ன நடக்கும்னு நமக்குத் தெரியாதா? யார் கையில பலம் கம்மியோ பழி அங்க போய் உக்காந்துக்கும். யாரும் அவனைப் பாத்து 'நீதான்'னு சொல்லல. அடுத்த மாசம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கல, அவ்வளவுதான். ரொம்ப நாகரிகமா முடிச்சிட்டாங்க.

லிஃப்டுக்கிட்ட நின்னு "அண்ணா, நான் பண்ணலண்ணா"ன்னான். "தெரியும்டா"ன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அஞ்சு பேர்ல யார் வேணா இருக்கலாம், நான் உட்பட. அன்னிக்கு சாயங்காலம் நானும் ரெண்டு மூணு ஜன்னல் திறந்து வெச்சு, டெஸ்ட் எது புரொடக்‌ஷன் எதுன்னு மாத்தி மாத்தித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நான் அமுக்கலன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இன்னிக்கு வரைக்கும் யாருன்னு தெரியாது.

தணிக்கைப் பதிவுன்னாலே திருடனைப் பிடிக்கறதுக்குன்னு ஒரு நினைப்பு நமக்கு. என் கருத்து நேர் எதிர். திருடாதவனைக் காப்பாத்தறதுக்குத்தான் அது முதல்ல வேணும். திருடன் எப்படியாவது சமாளிச்சுக்குவான். ஒண்ணுமே பண்ணாதவன் கையில 'நான் பண்ணல'ங்கற ரெண்டு வார்த்தையைக் கூட விட மாட்டேங்குது அந்த வெத்துப் பக்கம்.

இதை ஒரு நண்பர்கிட்ட சொன்னப்ப, "நீ சொல்றது வேலைக்காரங்களை வேவு பாக்கற புத்தி. நாளைக்கு யார் எத்தனை தடவை எந்திரிச்சுப் போனான்னு எண்ணுவாங்க"ன்னார். நியாயமான பயம்தான். ஆனா ரெண்டும் ஒண்ணில்ல. ஒருத்தனோட திரையைப் படம் பிடிக்கறது, அவன் எத்தனை எழுத்து அடிச்சான்னு எண்ணறது, இதெல்லாம் ஆளைப் பாக்கறது. பத்தாயிரம் பேருக்குப் போற வேலையை யார் ஆரம்பிச்சாங்கன்னு குறிச்சு வெக்கறது செயலைப் பாக்கறது. பேங்க்ல கணக்கை அடிச்சுத் திருத்தினா பக்கத்துல சுருக்கொப்பம் வெப்பாங்களே, அது மாதிரி. அதை வேவுன்னு யாரும் சொல்றதில்ல. அதோட, டேட்டா ஆக்சஸ் பதிவை எல்லாரும் எட்டிப் பாத்துட முடியாது. அதுக்கு 'பிரைவேட் லாக்ஸ் வியூவர்'னு தனி அனுமதி வேணும். அதை யாருக்குத் தரோங்கறதை யோசிச்சுத் தரணும். நண்பரோட பயத்துக்கு மருந்து அங்கதான் இருக்கு, நோட்டையே மூடி வெக்கறதுல இல்ல.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 'இவரோட செயலை மட்டும் எழுதாதே'ன்னு ஒரு ஆளுக்கு விலக்கு கொடுக்க வழி இருக்கு. ஆனா அப்படி விலக்கு கொடுத்தா, கொடுத்தவர் பேர் நிறுத்த முடியாத அந்த முதல் நோட்டுல விழுந்துடும். நோட்டை மூடினவன் பேரும் நோட்டுலயே இருக்கும். இதை யோசிச்சு வெச்சவன் நல்லா இருக்கணும் :-)

அதனால பொட்டி தட்டற மக்களே, நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது நாலே நாலு.

ஒண்ணு, வொர்க்ஃப்ளோ ஓட்டற இடத்துல டேட்டா ஆக்சஸ் திறந்திருக்கான்னு திங்கக்கிழமை போன உடனே பாருங்க. அட்மின் ஆக்டிவிட்டி தானா எழுதிக்கிட்டு இருக்கறதைப் பாத்து 'எல்லாம் பதிவாகுது'ன்னு ஏமாந்துடாதீங்க. நாங்க அப்படித்தான் இருந்தோம்.

ரெண்டு, திறந்தா மட்டும் போதாது. டேட்டா ஆக்சஸ் பதிவு சாதாரணமா 30 நாள்தான் இருக்கும். ஆனா ஒரு வொர்க்ஃப்ளோ, யாரோ ஒருத்தர் சம்மதம் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு, ஒரு வருஷம் வரைக்கும் கூட ஓடலாம். அது முடியறப்போ ஆரம்பிச்சவன் பேர் அழிஞ்சு பல மாசம் ஆகியிருக்கும். முதல் நோட்டு 400 நாள் இருக்குன்னா ரெண்டாவதையும் அந்த அளவுக்கு நீட்டி வைங்க.

மூணு, எந்த சர்வீஸ் அக்கவுண்ட்னு நாம சொல்லலன்னா எல்லா வொர்க்ஃப்ளோவும் ஒரே பொது அக்கவுண்டை மாட்டிக்கிட்டுத்தான் ஓடும். பத்து வண்டிக்கும் ஒரே நம்பர் பிளேட்! ஒவ்வொண்ணுக்கும் தனி அக்கவுண்ட் கொடுங்க.

நாலு, பதிவைத் தனி ப்ராஜெக்டுக்கு அனுப்பி வைங்க. வேலை செய்யறவன் கையிலயே நோட்டை அழிக்கற ரப்பரும் இருக்கக் கூடாது.

நாங்க இதையெல்லாம் பண்ணினோமா? பண்ணினோம். அவன் போனதுக்கப்புறம். அரை மணி நேர வேலை கூட இல்ல.

அவன் இப்ப வேற ஊர்ல நல்ல வேலையில இருக்கான். எப்பவாவது பேசிக்குவோம். போன தீபாவளிக்கு வாழ்த்து சொல்லிட்டு, நடுவுல சாதாரணமா கேட்டான்: "அது யாருண்ணா, கண்டுபிடிச்சீங்களா?" இல்லடான்னேன். "சரி விடுங்கண்ணா"ன்னுட்டு பசங்களைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிட்டான்.

டிஸ்கி: இதுல உள்குத்து எதுவும் இல்ல. இருந்தா அது என்னை நானே குத்திக்கிட்டது.