இலையை நனைக்காதீர்கள்

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் போகும்போதெல்லாம் லயங்களை ஒட்டிய தக்காளிப் பாத்திகளைக் கவனிப்பேன். பலர் மாலையில் பூவாளியால் இலைமேல் நீர் ஊற்றுகின்றனர். இரவுக் குளிரில் அந்த ஈரம் காய்வதில்லை. இலைக்கருகல் நோய்க்கு அதுவே போதும். 1845 இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததும் இதே நோய்தான். நம் மலையகத்துக்கும் இலைநோய் புதிதல்ல. 1869 இல் தோன்றிய துரு நோய் கோப்பியையே ஒழித்தது.

காலையில் வேரடியில் நீர் ஊற்றுதல், செடிகளுக்கு இடைவெளி விடுதல், கருகிய இலைகளை அகற்றுதல் ஆகியன செலவின்றிப் பாதிப்பைக் குறைப்பவை. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு வாய்த்த ஆலோசகர் பெரும்பாலும் மருந்துக் கடைக்காரரே. கடனுக்குக் கிருமிநாசினி விற்பவர் இதையெல்லாம் சொல்வாரா? விவசாய அதிகாரி லயத்துக்கும் வரவேண்டும், தமிழில் பேசவேண்டும். காணி உறுதி இல்லாதவரின் பாத்தியும் பாத்திதான்.