மீசைக்காரர் எத்தனை கிலோ பறித்தார்?



எங்கள் டிவிஷன் சனசமூக நிலையத்தில் சென்ற மாதம் இளைஞர்களுக்கு ஆளுமை விருத்திப் பயிற்சி என்று ஒரு வகுப்பு நடந்தது. நடத்தியவர் கொழும்பிலிருந்து வந்தவர். முடிவில் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் அடர்ந்த மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரரின் படம். கீழே ஒரு வாசகம்: நம்மைச் சாகடிக்காத துன்பம் நம்மைப் பலசாலியாக்கும் என்பது அதன் கருத்து. சம்பளம் போதாது, லயம் ஒழுகுகிறது என்று முறையிடுவது பலவீனரின் நோய் என்றும், கூட்டம் சேர்ந்து உரிமை கேட்பது பொறாமையின் மறுபெயர் என்றும் அவர் விளக்கினாராம். இவையெல்லாம் நீட்சே என்ற ஜேர்மன் தத்துவஞானியின் கருத்துகளாம்.

என் அக்கா மகன் அந்தத் தாளை வீட்டுச் சுவரில் ஒட்டினான். பக்கத்துக் காம்பரா அக்கா முப்பது வருடத்துக்கு மேலாகக் கொழுந்து பறிப்பவர். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தார். "இந்த மீசக்காரரு எத்தன கிலோ பறிச்சாரு தம்பி? அரப்பேரு வாங்கியிருக்காரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு தத்துவஞானியிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீட்சே 1844இல் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 24 வயதிலேயே, 1869இல், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். தலைவலியும் கண்நோயும் அவரை வாட்டின. 1879இல் வேலையை விட்டார். பத்து வருடச் சேவை, வயது 34. ஆண்டுக்கு 3,000 பிராங் ஓய்வூதியம் கொடுத்து அனுப்பினார்கள். நம் ஆட்கள் ஐம்பத்தைந்து, அறுபது வயதில் சேமலாப நிதிக்காக எத்தனை கந்தோர் படி ஏறி இறங்குகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நோயாளிக்கு ஓய்வூதியம் கொடுத்தது தவறென்று நான் சொல்லவில்லை. நோயாளிக்கு அது கிடைக்கத்தான் வேண்டும். அதை வாங்கியவர் மற்றவர்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதுதான் கேள்வி.

பாசல் அப்போது பட்டு நாடா ஆலைகளின் நகரம். அவர் அங்கே போய்ச் சேர்வதற்குச் சற்று முன், 1868-69 குளிர்காலத்தில், நாடாத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அவர் போய்ச் சேர்ந்த வருடம் செப்டெம்பரில் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் நான்காவது மாநாடு அதே நகரத்தில் கூடியது. வேலைநாள் 12 மணித்தியாலத்திலிருந்து 11ஆகக் குறைக்கப்பட்டபோது இளம் பேராசிரியர் அதை எதிர்த்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுவர்கள் ஆலையில் வேலை செய்வதிலும் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. 1872இல் எழுதிய 'கிரேக்க அரசு' என்ற கட்டுரையில் காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். சிலர் கலையும் கல்வியும் வளர்க்கவேண்டுமானால் பலர் அடிமைகளாக உழைத்தே ஆகவேண்டும், அவர்களுடைய துன்பம் இன்னும் கூடினாலும் பரவாயில்லை என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

அதற்கு முந்தின வருடம் பாரிஸ் நகரத் தொழிலாளர்கள் அமைத்த கம்யூன் ஆட்சியை இராணுவம் இரத்தத்தில் மூழ்கடித்தது. ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்நேரம் லூவர் அருங்காட்சியகம் எரிந்துவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி பாசலுக்கு எட்டியது. நீட்சே மனமுடைந்து போனார். சில நாட்கள் தன்னிலை இழந்திருந்ததாக நண்பருக்கு எழுதினார். எரித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மீது கல்லெறியத் தன்னால் முடியாது என்றும் அதே கடிதத்தில் எழுதினார், அதை மறைக்கக்கூடாது. ஆனாலும் அவருடைய துக்கம் முழுவதும் ஓவியங்களுக்காகத்தான்.

இனி அந்த வாசகத்துக்கு வருவோம். அது 1888இல் எழுதிய ஒரு சிறு நூலில் இருக்கிறது. அதே நூலில், சில பக்கங்கள் தள்ளி, தொழிலாளர் பிரச்சினை பற்றி ஒரு பகுதி உண்டு. தொழிலாளிக்குச் சங்கம் சேரும் உரிமையும் வாக்குரிமையும் கொடுத்தது முட்டாள்தனம் என்கிறார். அடிமைகள் வேண்டுமென்றால் அவர்களை எசமானர்களைப்போல வளர்க்கலாமா என்று கேட்கிறார். பயிற்சிக்காரர் இந்தப் பகுதியை ஏன் தாளில் அச்சடிக்கவில்லை? 1948இல் குடியுரிமையையும், அடுத்த வருடம் வாக்கையும் பறிகொடுத்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதை வாசித்துக் காட்டியிருந்தால் வகுப்பு எப்படி முடிந்திருக்கும்?

இன்னொன்று. அந்த வாசகத்தை எழுதிய சில மாதங்களில், 1889 ஜனவரியில், இத்தாலியின் டூரின் நகரில் அவர் புத்தி கலங்கி விழுந்தார். 1900இல் சாகும்வரை தெளியவே இல்லை. துன்பம் அவரை உடனே சாகடிக்கவில்லை, பலசாலியாக்கவும் இல்லை. தாயார் 1897இல் சாகும்வரை மகனைக் குழந்தைபோல் பார்த்தார், பிறகு தங்கை பார்த்தார். இதை ஏளனத்துக்குச் சொல்லவில்லை. படுத்த படுக்கையான புருஷனையோ மாமியாரையோ பார்த்துவிட்டு விடியக்காலையில் பெரட்டுக்கு ஓடும் பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், துன்பம் பலம் தரும் என்று யாரும் பாடம் நடத்தவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நம் தோழர்கள் சிலர், நீட்சேயா, ஹிட்லரின் குருதானே என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியல்ல. யூத வெறுப்பை அவர் அருவருத்தார். யூத வெறுப்பாளர் ஒருவரைத் தங்கை கலியாணம் செய்ததால் அவளோடு மனஸ்தாபப்பட்டார். அவர் இறந்தபின் குறிப்புகளைத் தொகுத்துத் தன் விருப்பப்படி நூலாக்கியதும், ஹிட்லரை வரவேற்று உபசரித்ததும் அந்தத் தங்கைதான். செய்யாத குற்றத்தை ஒருவர் தலையில் கட்டவேண்டியதில்லை. சொன்னதே போதும்.

அவர் சொன்னதில் நம்மைச் சுடும் உண்மை ஒன்றும் இருக்கிறது. 1881இல் வந்த 'விடியல்' என்ற பொருள்படும் நூலில் ஆலைத் தொழிலாளியைப் பார்த்து அவர் பேசுகிறார். கூலி கொஞ்சம் கூடினால் அடிமைத்தனம் போய்விடுமா, நீ மனிதனா அல்லது விலை குறித்த ஒரு திருகாணியா என்ற பொருளில் கேட்கிறார். நாட்சம்பளத்தை மட்டும் பேசி, தண்ணீர்க் கழிவு, வீட்டுக் காணி, துரையின் வாய்ப்பேச்சு எல்லாவற்றையும் ஒத்திவைக்கும் நம் தலைவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். நம் முன்னோர் கையில் அந்த விலை துண்டாகவே இருந்தது. 1921இல் ஒழிக்கப்படும்வரை, ஆளின் கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டைக் காட்டித்தான் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆளை மாற்றினார்கள்.

சரி, அதற்கு அவர் சொன்ன வழி என்ன? ஐரோப்பியத் தொழிலாளி கப்பலேறி வேறு நாட்டுக்குப் போய்த் தனக்குத் தானே எசமானாகட்டும் என்கிறார். அப்படியானால் விட்டுப்போன வேலையை யார் செய்வது? சீனர்களைக் கொண்டுவரலாமாம். எறும்புபோல் உழைக்கும் பழக்கம் உள்ளவர்களாம். 1881இல் அவர் இதை எழுதும்போது இங்கே கோப்பி நோயில் அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. நம் கொள்ளுப்பாட்டிமார் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்து ஏற்கனவே மலையில் நின்றார்கள். ஐரோப்பியனுக்கு மானம், ஆசியாக்காரனுக்கு எறும்பின் பொறுமை. இந்தக் கணக்கைத் துரைமார் யாரும் நீட்சேயிடம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பொறாமை என்ற பேச்சுக்கும் ஒரு பதில் உண்டு. இரக்கம், சமத்துவம் எல்லாம் பலவீனர் தங்கள் மனக்கசப்பில் கண்டுபிடித்தவை என்று 1887இல் அவர் எழுதினார். கொழுந்து மடுவத்தில் தராசு சரியாக நிற்கவேண்டும் என்று கேட்பது மனக்கசப்பா? கழித்த கிலோவுக்குக் கணக்குக் கேட்பது பொறாமையா? பாசலிலும் முறையிட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. 1877இல் சுவிட்சர்லாந்து முழுவதற்கும் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. வேலைநாள் 11 மணித்தியாலத்துக்கு மேல் கூடாது, 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஆலையில் வைக்கக்கூடாது. மக்கள் வாக்களித்து அதை ஏற்றார்கள். பேராசிரியர் அப்போது அதே நகரத்தின் சம்பளத்தில்தான் இருந்தார்.

அடுத்த மாதமும் வகுப்பு இருக்கிறதாம். அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரைப்பேர் விழுந்த நாட்களின் சம்பளச் சீட்டுகளை எடுத்து வைத்திருக்கிறார்.