பாட்டில் எண் வேதவாக்கா?

பிளாஸ்டிக் விமான மாடல் செய்பவர்களில் ஒரு கூட்டம் உண்டு. புதிதாக வந்த பையன் ராப்பகலாக ஒட்டி, தேய்த்து ஒரு ஜப்பானிய ஜீரோ விமானத்தை முடித்து வைத்தால், "கலர் தப்பு" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆதாரம் கேட்டால் ஒரு எஃப்.எஸ். எண்ணை நீட்டுவார்கள்.

ஐயா, எஃப்.எஸ். 595 என்பது அமெரிக்க அரசு வெளியிட்ட வண்ண அட்டை. வெளிவந்தது 1956ல். போர் முடிந்ததோ 1945ல்! மிட்சுபிஷி தொழிற்சாலையில் பெயின்ட் அடித்தவர்கள் அதைக் கனவிலும் கண்டதில்லை. பின்னாளில் யாரோ "ஏறக்குறைய இது" என்று பொருத்திப் பார்த்த எண் அது. ஏறக்குறைய எப்போது "இதுவேதான்" ஆனது?

ஜெர்மன் கதை இன்னும் தமாஷ். போரின் கடைசிக் கட்டத்தில் வந்த ஆர்.எல்.எம். 81ஐ ஒரு ஆவணம் பழுப்பு ஊதா என்கிறது, இன்னொன்று ஆலிவ் பழுப்பு என்கிறது. இந்த அழகில் பெயின்ட் கம்பெனிகள் ஆளுக்கொரு நிறத்தை அதே எண்ணில் விற்கின்றன. வெயிலில் வெளுத்தது தனிக்கணக்கு.

அதற்காக எந்தக் கலரும் அடிக்கலாம் என்று சொல்லவில்லை. விமானச் சிதைவுகளையும் பழைய ஆவணங்களையும் தோண்டுகிறவர்களுக்கு ஒரு பெரிய கும்பிடு. ஆனால் அவர்கள்தான் "இருக்கலாம்" என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். பாட்டில் வாங்கியவர்கள்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள்.

உங்களிடமே வவுச்சர் இல்லை. அந்தப் பையன் கணக்கில் ஏன் சிவப்பு மையால் கோடு போடுகிறீர்கள்? அவன் அடுத்த கிட்டை வாங்காமலே போய்விடுவான்.