கண்ணாடிப் பேழைக்குள் மலையின் பிள்ளைகள்

ஆர்ஜென்டினாவின் சால்டா நகரில், 2004-இல் திறந்த ஓர் அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிப் பேழைக்குள், சுழியத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரில், சம்மணமிட்டுத் தலை கவிழ்ந்திருக்கிறாள் பதின்வயதுப் பெண் ஒருத்தி. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ பின்னிவிட்ட சடை இன்னும் கலையவில்லை.

சிலி எல்லையிலுள்ள யூயையாக்கோ எரிமலையின் உச்சியில், 6,700 மீட்டருக்கு மேலே, 1999-இல் தொல்லியலாளர்கள் யோஹான் ரைன்ஹார்ட், கான்ஸ்டான்ஸா செருட்டி குழுவினர் இவளையும் இரு சிறு குழந்தைகளையும் கண்டெடுத்தார்கள். ‘கபகோச்சா’ சடங்கில் இன்கா அரசு மலைக்குப் பலியாகக் கொடுத்த பிள்ளைகள் இவர்கள். கடைசி ஓராண்டில் அவளுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, கோகா இலையும் சோள மதுவும் கூடுதலாகத் தரப்பட்டன என்பதை 2013-இல் வெளியான தலைமுடி ஆய்வு சொன்னது.

தோண்டியதால்தான் இதெல்லாம் தெரிந்தது; ஆகவே, தோண்டியதே தவறு என்று வாதிட முடியாது. அதே மாகாணத்தின் கெவார் மலையில் புதையல் வேட்டைக்காரர்கள் வைத்த வெடியில் இன்னொரு பழைய சடலம் சிதைந்துபோனது. எடுத்துப் பாதுகாத்தது சரி. 2007 முதல் மூவரையும் மாற்றி மாற்றிப் பார்வைக்கு வைப்பதுதான் உறுத்துகிறது.

பழங்குடி அமைப்புகள் இதை எதிர்த்தன. ஆகஸ்ட் 1 அன்று சால்டாவின் மலையூர்களில் குழி தோண்டி, சமைத்த உணவும் சிச்சா என்னும் சோள மதுவும் கோகா இலையும் இட்டு, பூமித்தாய் பச்சமாமாவுக்குப் படைக்கிறார்கள். அந்தப் பெண்ணின் வாயில் அகப்பட்டதும் அதே இலைதான். தொல்லியலாளர் முடிந்துபோனதாக எழுதும் காலம், அந்த ஊர்களில் ஆண்டுதோறும் படையலாகத் திரும்பி வருகிறது.

இன்காக்களே அந்த வட்டாரத்தை வென்று ஆண்டவர்கள்தானே, இன்றைய ஊராருக்கு இந்தக் குழந்தைகள் என்ன உறவு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மலையை இன்றும் மூதாதையாக வணங்குகிறவர்களிடம் வம்சாவளிப் பட்டியல் கேட்பது அழகல்ல. அருங்காட்சியகங்களிலுள்ள பழங்குடியினரின் உடல்களை, உரிமை கோரும் சமூகங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஆர்ஜென்டினாவின் 25,517-ஆம் எண் சட்டம் 2001-லேயே சொல்லிவிட்டது.

மலைத்தொடருக்கு அந்தப் பக்கம், சிலியின் சான் பெத்ரோ தே அத்தகாமா அருங்காட்சியகம் மனித உடல்களைக் காட்சியிலிருந்து 2007-இல் அகற்றியது. சால்டாவும் அதைச் செய்யலாம். பிள்ளைகளுடன் கிடைத்த இறகுத் தலையணியும் பொன் வெள்ளிப் பொம்மைகளும் பார்வைக்கு இருக்கட்டும். பிள்ளைகள் உள்ளறைக் குளிரில் உறங்கட்டும். அந்த அறையின் கதவை யாருக்கு, எப்போது திறப்பது என்பதை மலையூர்க்காரர்களும் சேர்ந்து முடிவுசெய்யட்டும்.